கள்ளித் துண்டிலிருந்து புதுச் செடி: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் ஆப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்பக்க ஸ்தூப்பில் (வராந்தாவை இங்கே அப்படித்தான் சொல்வோம்) சுவரோரமாகக் கள்ளித் தொட்டிகள் நிற்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. யாரோ உடைத்துக் கொடுத்த துண்டு, தாய்ச்செடியிலிருந்து உதிர்ந்து கிடந்த குட்டி, இப்படி வந்து சேர்ந்தவை. வீட்டுக்கு வருகிறவர்கள் போகும்போது ஒரு துண்டு கேட்பார்கள், கொடுத்தனுப்புவேன். இரண்டு வாரத்தில் போன் வரும்: "அக்கா, அடி கறுத்துப்போச்சு." அந்த போன்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கள்ளியை வெட்டி நட்டால் நிச்சயம் வருமா?

பெரும்பாலும் வரும். முருங்கைப் போத்து நட்டுப் பழகியவர்களுக்கு இது புதிய வேலை இல்லை. ஆனால் முருங்கைப் போத்தை வெட்டிய கையோடு ஈர மண்ணில் ஊன்றி, மேல்நுனியில் சாணி அப்பி, தினமும் தண்ணீர் விடுவோம். கள்ளிக்கு அதையே செய்தால் போச்சு. கள்ளித் துண்டு தனக்கு வேண்டிய தண்ணீரைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. மற்றச் செடிகள் பகலில் மூச்சுத் துளைகளைத் திறக்கும். கள்ளி இரவின் குளிர்ச்சியில்தான் திறக்கும். அதனால் உள்ளே இருக்கும் ஈரம் சுலபத்தில் வெளியே போகாது. வேரே இல்லாமல் வாரக்கணக்கில், தடித்த துண்டானால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். என்னிடம் வந்த புகார்களில் காய்ந்து செத்த துண்டு ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் அழுகியவை.

எந்த மாதத்தில் வெட்டுவது? "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று தாத்தா சொல்வாரே?

தாத்தா சொன்னது தமிழ்நாட்டு ஆடிக்கு. அங்கே ஆடியில் மழைக்காலம் தொடங்குகிறது. நாம் இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி, ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை, தென் ஆப்பிரிக்காவின் குளிர்காலம். கள்ளி அப்போது தூங்குகிறது. அந்த நேரத்தில் வெட்டினால் காயமும் மெதுவாக ஆறும், வேரும் வராது; துண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

எனக்குக் கைகொடுப்பது புரட்டாசி. செப்டம்பர் நடுவில், வீட்டில் விரதம் தொடங்கும் சமயத்தில், டர்பனில் வசந்தம் வந்துவிடுகிறது. கள்ளியின் நுனியில் புது முட்கள் பளபளவென்று, கொஞ்சம் சிவப்பாகவோ மஞ்சளாகவோ எட்டிப்பார்க்கும். செடி விழித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அன்றிலிருந்து தை வரைக்கும் வெட்டலாம். மாசி பிறந்ததும் வெட்டுவதை நான் நிறுத்திவிடுவேன், ஏனென்றால் குளிர் வருவதற்குள் வேர் பிடிக்க நேரம் போதாது.

ஒரு சிக்கல் உண்டு. டர்பனில் மழை கோடைகாலத்தில்தான் பெய்கிறது, காற்றும் ஈரமாக இருக்கும். ஆகவே துண்டுகள் கூரைக்கு அடியில் இருக்கவேண்டும். ஜோகன்னஸ்பர்க் பக்கம், லெனேசியாவில் இருக்கிறவர்களுக்குக் காற்று உலர்ந்தது, அது வசதி. ஆனால் அங்கே பனி உறையும், கோடையில் ஆலங்கட்டி விழும். கேப் டவுனில் கதையே வேறு, மழை குளிர்காலத்தில் வரும். அங்கே இருப்பவர்கள் மழை ஓயும் அக்டோபர் வரை பொறுத்திருங்கள்.

தெற்குப் பார்த்த ஜன்னலில் வைக்கச் சொல்கிறார்களே?

அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எழுதுவது. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். நமக்கு வெயில் வடக்கிலிருந்து வருகிறது. வடக்குப் பார்த்த ஜன்னல், இல்லையென்றால் காலை வெயில் படும் கிழக்கு. இதை மாற்றி வைத்துவிட்டு, செடி வெளிறி நூல்போல் நீண்டுவிட்டது என்று வருத்தப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் வேர் இல்லாத புதுத் துண்டுக்கு நேர் வெயில் வேண்டாம். வெளிச்சம் போதும். வேர் பிடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்துங்கள். திடீரென்று வெயிலில் வைத்தால் தோல் வெள்ளையாக வெந்து, பிறகு பழுப்புத் தழும்பாகிவிடும். அந்தத் தழும்பு அழியவே அழியாது.

முள் உள்ள செடியை எப்படிப் பிடிப்பது, எதால் வெட்டுவது?

பிராய் இடுக்கி. இறைச்சி சுடும் நீள இடுக்கியைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. பழைய இடுக்கி ஒன்றைச் செடிகளுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அதன் முனையில் துணி சுற்றிக்கொண்டால் முள்ளும் உடையாது, தோலும் நசுங்காது. உயரமான தூண் கள்ளிக்குச் செய்தித்தாளை நாலாக மடித்து, பெல்ட் போலச் சுற்றிப் பிடிக்கலாம்.

கத்தி கூர்மையாக இருக்கவேண்டும். மெத்தைலேட்டட் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தி, ஒரே இழுப்பு. கத்தரிக்கோல் நசுக்கிவிடும், நசுங்கிய இடம் அழுகும். உருண்டைக் கள்ளியின் அடியில் இருக்கும் குட்டிகளுக்குக் கத்தியே வேண்டாம், இடுக்கியால் பிடித்து லேசாகத் திருகினால் கழன்று வரும்.

தூண் கள்ளியை வெட்டியபின் துண்டின் அடி விளிம்பைச் சுற்றிலும் பென்சில் சீவுவது போலக் கொஞ்சம் சரிவாகச் சீவிவிடுங்கள். வெட்டுவாயைப் பார்த்தால் நடுவில் ஒரு வளையம் தெரியும். தண்ணீர் ஏறும் குழாய்கள் அங்கேதான் இருக்கின்றன, வேரும் பெரும்பாலும் அந்த வளையத்திலிருந்துதான் புறப்படும். காயும்போது நடுச்சதை உள்வாங்கும், தோல் மட்டும் கிண்ணத்தின் விளிம்புபோல் வெளியே நிற்கும். அப்போது வளையம் மண்ணைத் தொடாது. சீவிவிட்டால் தொடும்.

தாய்ச்செடியை மறந்துவிடாதீர்கள். அதன் வெட்டு சாய்வாக இருக்கட்டும், தண்ணீர் தேங்காது. இரண்டு வாரம் மழை படாமல் பார்த்துக்கொண்டால், வெட்டுக்குக் கீழே இருக்கும் முள்மொட்டுகளிலிருந்து இரண்டு மூன்று கிளைகள் வரும்.

வெட்டியதும் நட்டுவிடலாமா? எத்தனை நாள் காயவிடுவது?

நடக்கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: வெட்டுவாய் ஆறியபிறகுதான் மண்.

தடித்த துண்டானால், வெட்டிய அன்று அந்த இடம் வெள்ளரிக்காய் நறுக்கியது போல ஈரமாக மின்னும். மறுநாள் மினுமினுப்பு போய்விடும். மூன்றாம் நாள் விரலால் தொட்டால் ஒட்டாது, ஆனால் மெத்தென்று அமுங்கும். அப்போது பலர் ஏமாந்துவிடுகிறார்கள், காய்ந்துவிட்டது என்று நினைத்து நட்டுவிடுகிறார்கள். இன்னும் இல்லை. ஒரு வாரம், பத்து நாளில் அந்த இடம் வெளிறி, மரத்தோல் போல இறுகி, நகத்தால் தட்டினால் டொக்டொக் என்று சத்தம் வரும். காயத்தின் மேல் பொருக்குக் கட்டுவது போலத்தான். அந்தப் பொருக்குத்தான் மண்ணிலிருக்கும் பூஞ்சைக்கும் துண்டின் சதைக்கும் நடுவில் கதவு.

விரல் அளவுத் துண்டுக்கு மூன்று முதல் ஐந்து நாள். கட்டைவிரலைவிடத் தடிமனாக இருந்தால் ஒரு வாரம் முதல் பத்து நாள். கைமுட்டி அளவுத் தூணுக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். டர்பனில் விடாமல் மழை பிடிக்கும் வாரங்களில் இன்னும் சில நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் கூட ஒரு வாரம் விட்டுவிடுங்கள். அதனால் எந்தத் துண்டும் சாகவில்லை.

காயவைக்கும் இடம் நிழலாக, காற்றோட்டமாக இருக்கட்டும். தூண் கள்ளியைப் படுக்க வைக்காதீர்கள். படுத்துக் கிடந்தால் நுனி வெளிச்சத்தைத் தேடி வளையும், பக்கவாட்டில் வேரும் விடும். காலித் தொட்டியில், வெட்டுவாய் எதையும் தொடாமல், நிறுத்தி வையுங்கள்.

வெட்டுவாயில் மஞ்சள்தூள் தடவலாமா? வேர் ஊக்கிப் பவுடர் வேண்டுமா?

சிலர் மஞ்சள், சிலர் இலவங்கப்பட்டைத்தூள், சிலர் கந்தகத்தூள் தடவுகிறார்கள். கந்தகம் பூஞ்சையைத் தடுக்கும், அதை நானும் மழை நாட்களில் தடவுவது உண்டு. மற்றபடி நன்றாகக் காயவிட்டால் எதுவும் தேவையில்லை, காயவிடாவிட்டால் எதுவும் காப்பாற்றாது. வேர் ஊக்கி தடவினால் கொஞ்சம் சீக்கிரம் வேர் வரலாம். கள்ளிக்கு அது கட்டாயம் இல்லை.

என்ன மண்?

தண்ணீர் ஊற்றினால் தேங்காமல் நேராக இறங்கிப் போகிற மண். கடையில் விற்கும் பாட்டிங் சாயில் ஒரு பங்கு, கரடுமுரடான ஆற்று மணல் ஒரு பங்கு, பெர்லைட் (வெள்ளையான, லேசான கல்துகள்) ஒரு பங்கு. இந்த ஆற்று மணல் டர்பனில் கட்டடச் சாமான் கடையில் உம்கேனி மணல் என்று கேட்டால் கிடைக்கும். பூச்சு வேலைக்கான நைஸ் மணல் வேண்டாம், அது இறுகிச் சிமென்ட் மாதிரி ஆகிவிடும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. மாட்டெரு, கோழியெரு எதுவும் இந்தக் கட்டத்தில் கூடாது. வேர் இல்லாத துண்டுக்குச் சோறு ஊட்டிப் பயனில்லை.

தொட்டி சின்னதாக இருக்கட்டும். இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் எட்டுப் பத்து ஓட்டை போட்டால் ஆறேழு சின்னத் துண்டுகளை அதிலேயே வேர்விடச் செய்யலாம்.

எவ்வளவு ஆழத்தில் நடுவது? தண்ணீர் எப்போது?

சாயாமல் நிற்கும் அளவு ஆழம் போதும், இரண்டு சென்டிமீட்டர். உயரமான துண்டானால் ஆழமாகப் புதைக்காமல், பக்கத்தில் குச்சி நட்டுத் துணியால் கட்டுங்கள். நடும்போது மண் உலர்ந்திருக்கட்டும்.

ஒரு வாரம் ஒன்றும் செய்யாதீர்கள். அதன் பிறகு மண்ணின் மேல்பகுதி நனையும் அளவுக்குக் கொஞ்சம். அது முழுக்கக் காய்ந்து இன்னும் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் கொஞ்சம். மண் காய்ந்ததா என்று தெரியாவிட்டால் சமையலறையிலிருந்து ஒரு மூங்கில் சூலக்குச்சியை எடுத்து அடிவரை குத்தி, கால்மணி நேரம் விட்டு உருவிப் பாருங்கள். கேக் வெந்ததா என்று பார்ப்பதுபோல. குச்சியில் ஈர மண் ஒட்டியிருந்தால் தண்ணீர் வேண்டாம். வேர் பிடித்தபிறகு தாராளமாக ஊற்றலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் நன்றாகக் காயவிட்டுத்தான்.

வேர் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிடுங்கிப் பார்க்கக்கூடாது! புதிதாக வரும் வேர் வெள்ளை நூல் மாதிரி இருக்கும், தொட்டாலே அறுந்துவிடும். இடுக்கியால் துண்டைப் பிடித்து மிக லேசாக அசைத்துப் பாருங்கள். மண் பிடித்து இழுப்பதுபோல் தெரிந்தால் வேர் வந்திருக்கிறது. சுருங்கிக் கிடந்த துண்டு மறுபடி உப்பிவருவதும் நுனியில் புது முள் தெரிவதும் நல்ல அடையாளம். கோடையில் மூன்று முதல் ஆறு வாரம். சில துண்டுகள் இரண்டு மூன்று மாதம்கூட எடுக்கும். பச்சையாக, கெட்டியாக இருக்கும்வரை கவலை வேண்டாம்.

தலைகீழாக நட்டுவிட்டால்?

வளராது. துண்டுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியும். ஒரே தூணைப் பல துண்டாக வெட்டும்போது குழப்பம் வரும், அதனால் வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டின் மேல்பக்கமும் மார்க்கரில் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பாட்டிலில் வைத்து வேர்விட வைக்கலாமா?

சிலருக்கு வந்திருக்கிறது. நான் சொல்லமாட்டேன். தண்ணீரில் வளரும் வேர் மண்ணுக்கு மாறும்போது தடுமாறுகிறது.

அடி கறுத்துப்போனது. காப்பாற்ற முடியுமா?

சீக்கிரம் பார்த்துவிட்டால் முடியும். போன பங்குனியில் என்னுடைய தூண் கள்ளி ஒன்று, இடுப்பளவு உயரம், மண்ணோரமாகப் பழுப்பு நிறமாக இருந்தது. விரலால் அழுத்தினேன், பழுத்த வாழைப்பழம் போல உள்ளே போனது. அன்றைக்கே வெட்டினேன்.

முதல் வெட்டில் சதை கறுப்பாக, புளித்த வாடையோடு இருந்தது. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு நாலு விரல் மேலே இரண்டாவது வெட்டு. இப்போது சதை பச்சையாக இருந்தது, பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் நடு வளையத்தில் மிளகு தூவியதுபோல் மூன்று பழுப்புப் புள்ளிகள். அதை விட்டிருந்தால் அந்த மூன்று புள்ளி பத்து நாளில் முழுத் துண்டையும் தின்றிருக்கும். மறுபடி துடைத்து, மறுபடி வெட்டினேன். நாலாவது வெட்டில் வளையம் சுத்தமான வெள்ளை. மிஞ்சியது ஒரு முழம். அதைக் குளிர்காலம் முழுக்கக் காலித் தொட்டியில் நிறுத்திவைத்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. புரட்டாசியில் நட்டேன், கார்த்திகையில் புது முள் வந்தது.

ஆகவே விதி இதுதான்: ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்கவேண்டும், வளையத்தில் ஒரு புள்ளிகூட இல்லாத வரை மேலே போகவேண்டும். மனசு கேட்காது, தெரியும். செடியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அந்தப் புள்ளியை விட்டுவைக்காதீர்கள்.

கிறிஸ்துமஸ் கள்ளி என்கிறார்கள், என் வீட்டில் ஜூனில் பூக்கிறதே?

அது சரியாகத்தான் பூக்கிறது. இரவு நீளமாகி, கொஞ்சம் குளிர்ந்தால் மொட்டு விடும் செடி அது. வட நாடுகளில் இரவு நீள்வது நவம்பர், டிசம்பரில். அங்கே கிறிஸ்துமஸை ஒட்டிப் பூக்கும், பெயரும் அப்படி வந்தது. நமக்கு இரவு நீள்வது மே, ஜூனில். மொட்டு வைக்கும் காலத்தில் ஸ்தூப் விளக்கு ராத்திரி முழுக்க அதன்மேல் எரிந்தால் பூக்காது, இருட்டான இடத்துக்கு மாற்றுங்கள்.

இதன் சொந்த ஊர் பிரேசிலின் கடலோர மலைக்காடு. அங்கே மரக்கிளைகளில் வளர்கிறது, பாலைவனச் செடியே இல்லை. அதனால் துண்டு எடுப்பதும் எளிது. பூத்து முடிந்து வசந்தம் வந்ததும், இரண்டு மூன்று கணு உள்ள துண்டைக் கணுவில் திருகிக் கழற்றுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் காய்ந்தால் போதும். மண்ணில் கொஞ்சம் மரப்பட்டைத் துகள் சேர்த்து, லேசான ஈரத்தோடு நடலாம். ஒரு தொட்டியில் நாலைந்து துண்டுகளைச் சேர்த்து நட்டால் சீக்கிரம் நிறைந்துவிடும்.

பிரம்மகமலம் கள்ளியா?

நம் வீடுகளில் பிரம்மகமலம் என்று சொல்லி வளர்க்கும் செடி, இரவில் வெள்ளையாக விரிந்து விடிவதற்குள் வாடிவிடுகிறதே, அது கள்ளிதான். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துச் செடி. இமயமலையில் வளரும் உண்மையான பிரம்மகமலம் வேறு குடும்பம். இலை மாதிரித் தெரியும் தட்டையான பகுதி உண்மையில் அதன் தண்டு. ஒரு சாண் நீளம் வெட்டி, நாலைந்து நாள் காயவிட்டு நட்டால் வேர் வரும். பூக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம்.

இதை ஆங்கிலத்தில் சிலர் "குயின் ஆஃப் தி நைட்" என்பார்கள். தென் ஆப்பிரிக்காவில் அந்தப் பெயரை மரம்போல வளரும் இன்னொரு முள் கள்ளிக்கும் சொல்கிறார்கள், அதுதான் இங்கே அதிகம் தெரிந்தது. அந்த மரக்கள்ளியை வளர்ப்பது சட்டப்படி தவறு. பெயரை மட்டும் நம்பித் துண்டு வாங்காதீர்கள், செடியைப் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் சப்பாத்திக்கள்ளி இருக்கிறது. ஒரு மடல் வாங்கி நடலாமா?

இந்தக் கேள்விக்கு முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தென் ஆப்பிரிக்காவின் 2004ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் 2014இல் அயல் ஊடுருவிச் செடிகளுக்கான விதிகள் வந்தன. அந்தப் பட்டியலில் "1பி" என்ற பிரிவில் இருக்கும் செடிகளை வளர்க்கவோ, பெருக்கவோ, விற்கவோ, பிறருக்குப் பரிசாகக் கொடுக்கவோ கூடாது. முள் உள்ள சப்பாத்திக்கள்ளி வகைகள் பல அதில் இருக்கின்றன. முன்னே சொன்ன மரக்கள்ளி, முயல்காது போலச் சின்னச் சின்ன மடல்களோடு மஞ்சள் புள்ளி வைத்த அழகுக் கள்ளி, இவையும் இருக்கின்றன. முயல்காதுக் கள்ளியை எத்தனை வீட்டு ஜன்னலில் பார்த்திருக்கிறேன்! முள் இல்லாத பழ வகைச் சப்பாத்திக்கள்ளிக்கு மட்டும் விலக்கு உண்டு. டிராகன் பழக் கொடி நட ஆசைப்படுகிறவர்களும் நடுவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு கடுமை? துண்டிலிருந்து சுலபமாக வளரும் என்று நாம் சந்தோஷப்படுகிற அதே குணம்தான் காரணம். ஒரு மடல் விழுந்தால் ஒரு செடி. கிழக்கு கேப் மாகாணத்தில் கணுக்கணுவாக உடையும் ஒரு சின்னக் கள்ளி, ஆட்டின் ரோமத்தில் ஒட்டிக்கொண்டே பண்ணை பண்ணையாகப் பரவியது. மேய்ச்சல் நிலம் போயிற்று, மாட்டின் வாயில் முள் ஏறியது.

இதில் நம் ஊர்ச் சம்பந்தமும் ஒன்று இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பது அவர் திட்டம். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பூச்சி சாயத்துக்கு உதவாத இனமாகப் போய்விட்டது. ஆனால் கள்ளியின் சாற்றை உறிஞ்சி அதை வாடவைப்பதில் கெட்டி. அங்கே கள்ளிக்காடுகள் அழிந்ததைப் பார்த்து அதை இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். 1913இல் அதே இனம் தென் ஆப்பிரிக்காவுக்கு வந்து, இங்கே பரவிக்கிடந்த ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அடக்கியது. களையை அடக்கப் பூச்சியை விட்டது இந்த நாட்டில் அதுவே முதல் முறை.

ஆகவே பக்கத்து வீட்டு மடல் வேண்டாம். ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால் வெட்டித் தோட்டக் குப்பையிலோ, ரோட்டோரப் புதரிலோ போடாதீர்கள், அங்கேயே வேர் விடும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயிலில் வைத்து முழுக்க அழுகவிட்டபிறகுதான் அப்புறப்படுத்தவேண்டும். துண்டு வைத்துப் பழக ஆசையா? விரல் விரலாக வளரும் மாமில்லேரியா, குட்டி போடும் ஜிம்னோகேலிசியம், கிறிஸ்துமஸ் கள்ளி, பிரம்மகமலம் இருக்கின்றன.

வெட்டினால் பால் வருகிறதே, அது என்ன கள்ளி?

பால் வந்தால் அது இந்தக் குடும்பமே இல்லை. சில மாமில்லேரியாக்களில் மட்டும் கொஞ்சம் பால் கசியும். மற்றபடி வெள்ளைப் பால் பீறிட்டால் அது யூஃபோர்பியா. ஆனால் தமிழில் "கள்ளி" என்ற பெயர் முதலில் அதற்குத்தான் சொந்தம். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் பால் வடிக்கும் யூஃபோர்பியாக்கள். அமெரிக்கக் கண்டங்களின் சப்பாத்திக்கள்ளி கப்பலேறி வந்தபோது, பார்க்க அதேபோல் இருந்ததால் அதற்கும் கள்ளி என்று பெயர் வைத்துவிட்டோம். திருகுகள்ளியின் அறிவியல் பெயரிலேயே "திருக்கள்ளி" என்ற மலபார்ச் சொல் இருக்கிறது. அந்தச் செடி ஆப்பிரிக்காவிலும் வேலியாக நிற்கிறது. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்கள், ஊர் வேலியில் பார்த்த செடியை இங்கேயும் பார்த்து ஒரு நிமிடம் நின்றிருக்கலாம்.

யூஃபோர்பியாவையும் துண்டில் வளர்க்கலாம், ஆனால் எச்சரிக்கை வேண்டும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வெட்டியதும் வெட்டுவாயை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கினால் பால் நிற்கும். இரண்டு வாரம் காயவிட்டு நடுங்கள். பால் கண்ணில் பட்டுவிட்டால் கால்மணி நேரம் விடாமல் சுத்தத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவரிடம் போகவேண்டும். "காலையில் பார்க்கலாம்" என்று விடக்கூடாது, பார்வைக்கே ஆபத்து.

அப்படியானால் தென் ஆப்பிரிக்காவுக்குச் சொந்தமான கள்ளியே கிடையாதா?

ஒன்று உண்டு. ரிப்சாலிஸ் என்னும் தொங்கு கள்ளி. குவாசுலு-நேட்டாலின் கடலோரக் காடுகளில் மரக்கிளைகளில் பச்சை நூல்கற்றை போலத் தொங்கும், வெள்ளை மணி மணியாகக் காய்க்கும். அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளரும் ஒரே கள்ளி இனம் இதுதான். மடகாஸ்கரிலும் இலங்கையிலும்கூட உண்டு. காட்டிலிருந்து பறிக்காமல் நாற்றுப்பண்ணையில் வாங்குங்கள். துண்டு வைத்தால் மிகச் சுலபமாக வரும், நிழலையும் ஈரக் காற்றையும் விரும்புவதால் டர்பனுக்கு இதைவிடப் பொருத்தமான கள்ளி இல்லை.

மேலே சிவப்பு உருண்டை வைத்த கள்ளி வாங்கினேன். அந்த உருண்டையைத் தனியாக நடலாமா?

முடியாது. அந்தச் சிவப்பு, மஞ்சள் உருண்டைகளில் பச்சையமே இல்லை, தானாக உணவு தயாரிக்க முடியாது. கீழே இருக்கும் பச்சைத் தண்டு ஊட்டுவதால்தான் வாழ்கிறது. அதன் குட்டியை வேறொரு பச்சைத் தண்டின்மேல் ஒட்டுக்கட்டலாம், அவ்வளவுதான்.

கற்றாழை மடலை நட்டால் வருமா?

வராது, அழுகிவிடும். கற்றாழை கள்ளியும் அல்ல. அடியில் வரும் பக்கக் கன்றைப் பிரித்து நடுங்கள்.

துண்டின்மேல் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது.

மாவுப்பூச்சி. குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். நசுக்கும்போது ரத்தச் சிவப்பாகச் சாறு வந்தால் அது சைதாப்பேட்டைக் கதையில் வந்த சாயப்பூச்சியின் குடும்பம். மற்றத் தொட்டிகளிலிருந்து உடனே தள்ளி வையுங்கள்.

குரங்கு பிடுங்கிப் போட்டுவிடுகிறது!

சாட்ஸ்வர்த்தில் இதற்குத் தப்பிய வீடு ஏது? தின்பதற்காகப் பிடுங்குவதில்லை, புதிதாக இருக்கிறதே என்று தூக்கிப் பார்க்கிறது. ரொட்டிக் கூடை போன்ற பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, மேலே ஒரு செங்கல் வையுங்கள். காற்றும் வெளிச்சமும் போகும், கை போகாது.

கண்ணுக்குத் தெரியாத முள் விரலில் ஏறிவிட்டது.

தேய்க்காதீர்கள், இன்னும் உள்ளே போகும். தெரிகிறதைச் சாமணத்தால் எடுங்கள். மீதிக்குக் குழந்தைகளின் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி, காயவிட்டு, தோல்போல உரித்தெடுத்தால் கூடவே வந்துவிடும்.

ஊருக்குப் போய்விட்டு வரும்போது தமிழ்நாட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுவரலாமா?

வேண்டாம். உயிருள்ள செடியை நாட்டுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் நோயில்லை என்ற சான்றிதழும் வேண்டும். அதற்குமேல், கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் அழியும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. பெட்டியில் சேலைக்கு நடுவில் சுருட்டிவைத்துக் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பறிகொடுப்பீர்கள். பறிகொடுக்காவிட்டால் அதோடு ஒரு பூச்சியும் சேர்ந்து வரலாம்.

துண்டில் வந்த செடி எப்போது பூக்கும்?

விதையிலிருந்து வந்ததைவிடச் சீக்கிரம். பூக்கும் வயது வந்த தாயிலிருந்து எடுத்த துண்டு, வேரைத்தான் புதிதாக விடவேண்டும், வயதை அல்ல. ஐஸ்கிரீம் டப்பாவில் நட்ட விரல் மாமில்லேரியா ஒன்று, நட்ட மறு வசந்தத்தில் இளமஞ்சளாக நாலு பூ வைத்தது. சட்டை பொத்தான் அளவுதான். துண்டு கொடுத்த வீட்டுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவர்கள் வீட்டுத் தாய்ச்செடியிலும் அதே வாரம் பூ.